பிலோவின் பதின்மூன்றாவது சொல்

லவுத்தோக்கா
ஃபிஜி, 24 ஜூன் 2000

வினிதா அண்ணிக்கு,

கல்யாணம் நன்றாக நடந்ததா? பெண்ணும் மாப்பிள்ளையும் சௌக்கியமா? இரண்டு வாரக் கல்யாணத்துக்குப் பிரஷர் குக்கரை எடுத்துக்கொண்டு போன முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். நாந்தி விமான நிலையத்தில் உங்கள் பெட்டியைத் தராசில் தூக்கி வைத்தவள் நான். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டபோது, ஆக்லாந்தில் குக்கர் கிடைக்காதா என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறார்களாம். எவ்வளவு தள்ளி என்று கேட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் நீங்கள் இருமியதுகூட எனக்குக் கேட்டது.

இந்தியர் பிரதமராக இருந்த ஆட்சியை மே மாதம் கவிழ்த்ததிலிருந்து பள்ளியில் தினம் ஒரு நாற்காலி காலியாகிறது. கணக்கு வாத்தியார் பல் வலி என்று லீவு போட்டார். பிரிஸ்பேனிலிருந்து தபால் அட்டை வருகிறது. யாரும் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் கண் பட்டு விசா கெட்டுவிடுமாம். ஊரார் அப்படிப் போகட்டும். மெட்ராஸ் ஹாஸ்டலில் நான்கு வருடம் ஒரே அறையில் என்னோடு இருந்தவர், என்னால்தான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர், என்னிடம் சொல்லாமல் போகலாமா? அப்போது உங்களை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். கல்யாணமானதும் அப்பா, "அண்ணிய மரியாதையா கூப்பிடு" என்றார். கூப்பிட்டேன். மரியாதை கொடுத்ததும் ரகசியமும் சேர்ந்து வந்துவிட்டதோ என்னவோ.

கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் பிலோவைப் பற்றி. கடைக்குக் கடை கம்ப்யூட்டரில் செய்தி கொண்டுபோக நாம் இருவரும் எழுதிய பிலோ இரண்டு வாரமாக நின்று கிடக்கிறது. அது உங்களுக்குத் தெரியுமா?

இங்கே நம் ஊர்ப் பினாங்கிலிருந்து கடைக்காரர் கோவிந்த் போன் செய்தார். அப்பாவின் கரும்பைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி, "உங்க அண்ணி ரொம்ப நாளா கை தட்டலியே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவருடைய திரையில் ஒரே வரிதான் நிற்கிறதாம்: வினிதா கை தட்டவில்லை, காத்திருக்கிறேன். அவரும் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார். நங்கோனா வேர்ச்சாறு குடிக்க வட்டமாக உட்கார்ந்தால் கிண்ணம் ஒருவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போகாது அல்லவா? பிலோவும் அப்படித்தான் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தானே. அந்தத் தேங்காய்ச் சிரட்டைக் கிண்ணத்தின் பெயரையே வைத்து, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் செய்தி போகும், வாங்கியவர் கை தட்டினால்தான் கொடுத்தவர் விடுவார், ஒரு செய்தியும் தொலையாது என்று எவ்வளவு பெருமை அடித்துக்கொண்டோம்.

இப்போது அங்கே மாட்டிக்கொண்ட செய்தி என்ன தெரியுமா? திரேன் என்று ஒரு லாரி டிரைவர் எழுதியது. சூவாவுக்கு மேலே மலைப்பக்கம் ஒரு கிராமத்தில் அவன் வீட்டை உடைத்துச் சூறையாடிவிட்டார்கள். அம்மா எங்கே என்று தெரியவில்லை. என் அம்மா இந்திராவதியை யாராவது பார்த்தீர்களா, நான் பினாங்கில் கோவிந்த் கடையில் இருக்கிறேன் என்று வட்டம் முழுவதையும் கேட்டிருக்கிறான். வட்டத்தில் கோவிந்துக்கு அடுத்து நீங்கள், உங்களுக்கு அடுத்து நான். அந்த அம்மாள் இங்கே லவுத்தோக்காவில், வீடிழந்து வந்தவர்களின் முகாமில், என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு பாயில் உட்கார்ந்து மகன் செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு முகாமுக்கு ஓடினேன். ஒவ்வொரு பாயாகக் கேட்டுக் கண்டுபிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் அழவில்லை. "ஏம்மா இத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டாள். நான் என்ன சொல்லட்டும், என் அண்ணி கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள் என்றா?

பிலோவின் உள்பாகம் நீங்கள் எழுதியது. அதன் டிஸ்க் உங்கள் கைப்பையில் இருக்கிறது. என்ன செய்யட்டும் என்று உடனே எழுதுங்கள்.

ரஞ்சனா


ஆக்லாந்து
4 ஜூலை 2000

ரஞ்சனா,

உன் கடிதம் வந்தது. உன் அண்ணனுக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது என்பது இந்த வீட்டில் எனக்கு இருக்கும் ஒரே வசதி. என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டார். பிலோவில் கோளாறு என்றேன். பொய் இல்லை.

முதலில் வேலை. எங்கள் லாமி வீட்டில் இப்போது என் கம்ப்யூட்டர் இல்லை. அதை விற்றுவிட்டேன். வாங்கியவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மகனுக்கு விளையாட்டு போட்டிருப்பார். அது கை தட்டும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை.

உடனடி வழி இது. உன் கம்ப்யூட்டரிலேயே பிலோவின் இன்னொரு பிரதியை என் பெயரில் திற. கடவுச்சொல் நம் ஹாஸ்டல் அறை எண், பக்கத்தில் வார்டனுக்கு நாம் வைத்த பட்டப்பெயர். மறந்திருக்க மாட்டாய். காலையும் மாலையும் ஒரு தரம் இன்டர்நெட்டில் இணைத்து, என் பெயரில் வாங்கி, கை தட்டி, உன் பெயருக்குக் கொடு. கிண்ணம் நகரும்.

நிரந்தர வழி வேறு. யார் ஒரு மாதம் கை தட்டவில்லையோ அவர் பெயரைப் பிலோ தானாகவே எடுத்துவிட வேண்டும். எல்லா ஊரிலும் இப்படித்தான் செய்கிறார்கள். நாம்தான் நங்கோனாப் பாயில் உட்கார்ந்துகொண்டு கணினி நிரல் எழுதினோம். உட்கார்ந்தவர் எழுந்தே போக மாட்டார் என்று எப்படி நம்பினோம் என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. எண்பத்தேழில் இரண்டு ராணுவப் புரட்சிகளைப் பார்த்த பிறகும் நம்பினோம். இதற்கான மாற்றத்தை எழுதி டிஸ்கில் அனுப்புகிறேன்.

அந்த அம்மாளிடம் நீ என்ன சொன்னாய் என்று எழுது.

இனி நீ கேட்டது. மே மாதம் எங்கள் தெருமுனைக் கடையைக் கொளுத்தினார்கள். உனக்குச் சொன்னேன். நான் சொல்லாதது, அன்றைக்கு உன் அண்ணன் கதவுக்குப் பின்னால் கரும்பு வெட்டும் கத்தியை வைத்துக்கொண்டு விடியும்வரை நின்றார் என்பது. ரஜனேஷ், பூனையைக்கூட விரட்டத் தெரியாத மனிதர். காலையில் அவர் கையிலிருந்து கத்தியை நான்தான் பிரித்து எடுத்தேன். அன்றே டிக்கெட் போட்டேன்.

மாமாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவர் தடுத்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவர் தடுக்க மாட்டார். "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கரும்புக்குள் போய்விடுவார். அதைக் கேட்டிருந்தால் உன் அண்ணன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். உன்னிடம் சொல்லியிருந்தால் உன் முகம் மாமாவிடம் சொல்லியிருக்கும்.

இங்கே தங்கும் அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். பதில் வரும்வரை மாமாவுக்குத் தெரிய வேண்டாம். பிறகு நாங்களே சொல்கிறோம். இது ஒன்றைச் செய்.

வினிதா


லவுத்தோக்கா
14 ஜூலை 2000

அண்ணி,

பார்லிமென்டில் அடைத்து வைத்திருந்த மந்திரிகளை நேற்று விட்டுவிட்டார்கள். ரேடியோவில் சொன்னதும் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. பட்டாசு வெடிப்பார்கள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு யோகேந்திரா வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டு, துணி காய்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மலையில் கலகக்காரர்கள் அணையைப் பிடித்துவிட்டதால் மின்சாரம் முறை வைத்து வருகிறது. கரண்டு எப்போது வரும் என்று தெரியாமல் சட்டையில் பாதியை இஸ்திரி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறோம். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

கடவுச்சொல் வேலை செய்தது. வார்டனின் பட்டப்பெயரை அடித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் மேல் கோபமாக இருக்கும்போது உங்களாலேயே சிரிப்பு வந்தால் இன்னும் கோபம் வருகிறது.

உங்கள் பெயரில் கை தட்டினேன். அவ்வளவுதான், தேங்கி நின்றதெல்லாம் மடமடவென்று வந்து விழுந்தது. முகாமில் இருப்பவர்களைத் தேடி எத்தனை செய்திகள்! என் வகுப்பு முடிந்ததும் தினம் அவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போய் முகாமில் படிக்கிறேன். இந்திராவதி அம்மாளை திரேன் லாரியோடு வந்து பினாங்குக்கு அழைத்துப் போய்விட்டான். போகும்போது அவள் என் கன்னத்தைத் தடவினாள். என்ன சொன்னாய் என்று கேட்டீர்கள். மின்சாரம் இல்லை என்று சொன்னேன்.

உங்கள் நிரந்தர வழி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாதம் பேசாதவர் போய்விட்டவரா? கரண்டு இல்லாதவர் இருக்கிறார். போன் கம்பியை அறுத்துவிட்டதால் வாய் மூடிக் கிடப்பவர் இருக்கிறார். பயத்தில் விளக்கைக்கூடப் போடாதவர் இருக்கிறார். யாரை இப்போது தேட வேண்டுமோ அவர் பெயரைத்தான் உங்கள் மாற்றம் முதலில் அழிக்கும். சும்மா இருப்பதும் போய்விடுவதும் ஒன்றா, அண்ணி? அனுப்பினாலும் போட மாட்டேன்.

இன்னொன்று. அப்பா தினம் சாயங்காலம் கோவிந்த் கடைக்குப் போகிறார். கோவிந்த் பிலோவில் தானே மூன்று வரி எழுதி, இந்த வாரம் எந்த கேங் யார் கரும்பை வெட்டுகிறது என்று கேட்டு வாங்கக் கற்றுக்கொண்டார். அதைப் பார்க்க ஒரு கூட்டம். அங்கே திரையில் வினிதா கை தட்டினார் என்று தினம் வருகிறது. அப்பா போனில் என்னிடம், "வந்துட்டாங்க போல, எனக்கு ஒரு போன் பண்ணலியே" என்றார். வேலை அதிகம் அப்பா என்றேன். "ஆமா, ஊரு இருக்கிற இருப்புல" என்றார். பொய்யையும் அவரே முடித்து வைத்தார்.

கை தட்டுவது ஒரு பட்டனை அழுத்துவதுதான். ஆனால் உங்கள் பெயரில் அழுத்தும்போது விரல் கூசுகிறது. சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.

ரஞ்சனா


ஆக்லாந்து
24 ஜூலை 2000

ரஞ்சனா,

இத்துடன் டிஸ்க் இருக்கிறது. ஒரு மாதம் என்பதை இரண்டு மாதமாக்கியிருக்கிறேன். இதைவிட இறங்கி வர முடியாது. நீ சொன்னது மனசுக்குச் சரி. ஆனால் நிரலுக்கு மனசு கிடையாது. ஒருவர் பேசாமல் இருந்தால் ஏன் பேசவில்லை என்று அதற்குத் தெரியாது. எத்தனை நாள் என்று மட்டும்தான் அதற்கு எண்ணத் தெரியும்.

இங்கே ஒரு கம்பெனியில் பிலோவைக் காட்டினேன். பன்னிரண்டே கட்டளைச் சொற்கள், அதில் பாதி ஹிந்தி, மீதி தமிழ், ஒரு ஃபிளாப்பியில் பாதி இடம்தான், கடைக்காரர்களே நிரல் எழுதுகிறார்கள் என்றேன். போலோ, சுனோ, கொடு, வை, தட்டு என்று நான் அடித்துக் காட்டியபோது அந்த ஆள் குனிந்து பார்த்தார். பிறகு, இந்த வட்டத்தில் ஒருவர் எழுந்து போனால் என்ன ஆகும் என்று கேட்டார். நின்றுவிடும் என்றேன். சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் எனக்கு முகம் சுட்டது. வேலை இருந்தால் சொல்கிறேன் என்றார்.

இப்போது பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறேன். உன் அண்ணனுக்கு அதுவும் இன்னும் அமையவில்லை. என் சித்தப்பா வீட்டுக் கார் கொட்டகையை அறையாக்கித் தந்திருக்கிறார்கள். கதவைத் தூக்கித்தான் வெளியே போக வேண்டும். தூக்கும்போது தெரு முழுக்கச் சத்தம் கேட்கும், அதனால் உன் அண்ணன் வெளியே போவதே குறைந்துவிட்டது. குளிர். குக்கரை எடுத்து வந்ததற்காக என்னை நானே பாராட்டிக்கொள்கிறேன். சாதம் வேகும்போது அறை கொஞ்சம் சூடாகிறது.

மாமாவிடம் சொல்வதைப் பற்றி. இரண்டு தரம் உன் அண்ணன் கோவிந்த் கடைக்குப் போன் செய்தார். இரண்டு தரமும் மாமாவின் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். அதற்கு மேல் நான் என்ன செய்ய? நீ கை தட்டிக்கொண்டிரு. அனுமதி வந்ததும் முதல் வேலை அதுதான்.

டிஸ்கைப் போட்டுவிடு. அனுமதி வந்ததும் என் பெயரில் தட்டுவதை நிறுத்திவிடு, நீ கூச வேண்டியதில்லை. இரண்டு மாதத்தில் அது தானாகவே போய்விடும். யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

வினிதா


பினாங்கு
5 ஆகஸ்ட் 2000

அண்ணி,

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நாம் யாரும் சொல்லவில்லை. பச்சைத் துவரை சொன்னது.

தினம் உங்கள் கை தட்டலைப் பார்த்து, நீங்கள் லாமியில் இருக்கிறீர்கள் என்று நம்பி, ஊரடங்கில் காய்கறிக்கு என்ன செய்கிறார்களோ என்று அப்பா ஒரு மூட்டை கட்டினார். பச்சைத் துவரை, தாலோக் கிழங்கு, நம் தோட்டத்து மிளகாய், மேலே ஒரு பொட்டலம் அவர் கையாலேயே இடித்த நங்கோனா. சூவா பஸ் ஓட்டும் விரேந்திராவின் வீடு லாமியில்தானே. வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுகிறேன் என்று அவரும் ஏற்றிக்கொண்டு போனார். அப்பா இதை என்னிடம் சொல்லவில்லை. மூட்டையைப் பார்த்ததும் மருமகளே போன் செய்வாள் என்று காத்திருந்திருக்கிறார்.

சில நாள் கழித்து விரேந்திரா மூட்டையோடு திரும்பி வந்தார். துவரையெல்லாம் கறுத்திருந்தது. பள்ளி விடுமுறை என்று நானும் அன்றைக்குத்தான் பினாங்கு வந்து சேர்ந்தேன். கோவிந்த் கடையில் எல்லாரும் இருக்கும்போதே விரேந்திரா மூட்டையை இறக்கினார். "அங்க வேற ஆளு இருக்காங்க, சாமி. முன்ன இருந்தவங்க நியூசிலாந்து போயி ரெண்டு மாசம் ஆச்சாம்" என்றார்.

திரையில் அந்த நேரம் பார்த்து ஒரு வரி நின்றது: வினிதா கை தட்டினார். காலையில் கிளம்பும் முன் நான் அழுத்தியது.

அப்பா அதைப் பார்த்தார். கோவிந்தைப் பார்த்தார். கோவிந்த் தலையை ஆட்டினார், அவருக்குத் தெரியாது. பிறகு அப்பா என்னைப் பார்த்தார். "நீயா?" என்றார். நான் ஆமாம் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூட்டையை அவிழ்த்து நல்ல துவரையைத் தனியே பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"அவங்க போனதுல தப்பு ஒண்ணும் இல்ல, ரஞ்சு. இருக்கச் சொல்ற மாதிரியா இருக்கு ஊரு. சொல்லியிருந்தா மூட்டை கட்டி நானே ஏர்போட்டுக்குத் தூக்கியாந்திருப்பேன். ஆனா உன் கை எது, அவ கை எதுன்னு இனிமே நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

மறுநாள் காலை லவுத்தோக்கா போய் உங்கள் பெயரில் இருந்த பிரதியை அழித்துவிட்டு, நேற்றுதான் இங்கே திரும்பினேன். வட்டம் திரும்பவும் நின்றுவிட்டது. நிற்கட்டும். முகாமுக்கான செய்திகளை கோவிந்த் போனில் படித்தார், நான் எழுதிக்கொண்டேன். காது வலிக்கிறது. உங்கள் டிஸ்கை நான் போடவில்லை. அப்பா டீ கிளாஸுக்கு அடியில் வைத்திருக்கிறார், நானும் தடுக்கவில்லை.

இந்த ஊரில் ஃபிஜிக்காரர்கள் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால் நங்கோனா வேரைக் கட்டி முன்னால் வைத்து வந்திருக்கிறேன் என்பார்கள். கிளம்பும்போதும் அதே போல வைத்து விடைகேட்பார்கள். கேட்டு, இருப்பவர்கள் கை தட்டிய பிறகுதான் எழுந்திருப்பார்கள். நாம் வந்தேன் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு பிலோவில் வைத்தோம். வட்டத்தில் புதிதாகச் சேருகிறவர் வந்தேன் என்று அடித்தால் எல்லார் திரையிலும் அவர் பெயர் வரும், எல்லாரும் தட்டுவோம், எவ்வளவு சந்தோஷமாக இருக்கும். போவதற்குச் சொல் வைக்கவில்லை. நான்கு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறோம், பாதி வழக்கத்தைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு அந்தப் பதின்மூன்றாவது சொல் வேண்டும். உங்களால்தான் முடியும். அது எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துவிட்டேன். போகிறவர் தானே சொல்ல வேண்டும். அவருக்காக இன்னொருவர் சொல்ல முடியாதபடி பூட்டுங்கள். எங்கே போகிறார் என்று சொல்ல வேண்டும். சொன்ன நிமிடத்திலிருந்து கிண்ணம் அவருக்காகக் காத்திருக்கக் கூடாது, அடுத்தவருக்குப் போய்விட வேண்டும். ஆனால் அவர் பெயரை உடனே அழித்துவிடாதீர்கள். வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் கை தட்ட வேண்டும். கடைசிக் கை தட்டும்வரை அவர் இடம் அங்கேயே இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் அதை முதலில் சொல்ல வேண்டியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

ரஞ்சனா


ஆக்லாந்து
16 ஆகஸ்ட் 2000

ரஞ்சனா,

டிஸ்க் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை டீ கிளாஸ் வைக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்.

பிஸ்கட் தொழிற்சாலையில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, சித்தப்பா மகளின் கம்ப்யூட்டரில் எழுதினேன். விடை என்று பெயர் வைத்தேன். மாமா துவரை பொறுக்கியதைப் பற்றி நீ எழுதியிருந்த பக்கத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கதவைத் தூக்கிவிட்டு வெளியே போனார். தெருவுக்கே சத்தம் கேட்டிருக்கும். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, விடை கேட்கும் வாக்கியத்தை நானே அடிக்கிறேன் என்றார். ஹிந்தியில் இரண்டு விரலால் அடித்தார். முடிக்க வெகு நேரம் பிடித்தது. நான் திருத்தவில்லை.

நீ கேட்டபடியே செய்திருக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைசிக் கை தட்டும்வரை பெயர் இருக்கட்டும் என்றாய். யாராவது ஒருவர் தட்டாமலே விட்டுவிட்டால் போனவரின் பெயர் வட்டத்தில் என்றைக்கும் நின்றுகொண்டே இருக்கும். எடுக்க வழி இல்லை. கிண்ணம் நிற்காது, அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனாலும் இது ஒரு குறை. அந்தக் கம்பெனிக்காரர் பார்த்தால் திரும்பவும் சிரிப்பார். உனக்கு வேண்டாம் என்றால் சொல், அடுத்த டிஸ்கில் சரிசெய்துவிடுகிறேன்.

நாந்தியில் நீ குக்கரைப் பற்றிக் கேட்டபோது உன்னிடம் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. அது சிரிப்பு இல்லை என்று உனக்குத் தெரியாதா? என்னோடு நான்கு வருடம் இருந்தவள் நீ. அதை நினைத்து உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது.

சனிக்கிழமை டிஸ்க் உனக்கு வந்து சேரும் என்று நினைக்கிறேன். அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை நாங்கள் விடை சொல்கிறோம்.

வினிதா


லவுத்தோக்கா
2 செப்டம்பர் 2000

அண்ணி,

டிஸ்க் வந்ததும் வட்டத்தில் எல்லாருக்கும் பிரதி எடுத்துப் பஸ்ஸிலும் தபாலிலும் அனுப்பினேன். பினாங்குக்கு நானே கொண்டுபோனேன். சனிக்கிழமை காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். கோவில் திருவிழாவுக்குத்தான் அவர் அந்தச் சட்டையைப் போடுவார். திரேனும் அவன் அம்மாவும்கூட வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள்.

உங்கள் செய்தி வந்தது. கோவிந்த் படித்தார். ரஜனேஷும் வினிதாவும் ஆக்லாந்தில் இருக்கிறோம், கல்யாணத்துக்கு என்று சொல்லிவிட்டு வந்தோம், அது பொய், நேரில் கேட்க வேண்டியதை இப்படிக் கேட்கிறோம், விடை கொடுங்கள். கடைசியில் அண்ணன் தனியாக ஒரு வரி வைத்திருந்தார்: "அப்பா, துவரை கெட்டுப்போச்சுன்னு ரொம்ப வருத்தமா இருக்கு." கோவிந்துக்கு அந்த வரி புரியவில்லை. இரண்டாம் தரம் படித்தார். அப்பா போதும் என்று கையைக் காட்டினார்.

இந்தப் பட்டனை அழுத்தினால் கை தட்டியதாக ஆகும் என்று கோவிந்த் காட்டினார். அப்பா அதை அழுத்தவில்லை. முதலில் தன் இரண்டு கையையும் குழித்து மூன்று தரம் தட்டினார், நங்கோனா குடித்து முடித்தால் தட்டுவது போல. அதற்குப் பிறகுதான் குனிந்து பட்டனை அழுத்தினார். "போயிட்டு வரட்டும்" என்றார். நீங்கள் சொன்னது சரிதான், அதைச் சொல்லிவிட்டுக் கரும்புக்குள் போய்விட்டார். சட்டையைக்கூட மாற்றவில்லை.

பிறகு ஒவ்வொருவராக. கோவிந்த் தட்டினார். லபாசா, மபா, நாந்தி கடைகளிலிருந்து வந்தன. கணக்கு வாத்தியார் பிரிஸ்பேனிலிருந்து தட்டினார். அங்கிருந்தும் அவர் தினம் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தட்டிய கையோடு அவரும் விடை கேட்டார், பல் வலி பொய் என்று எழுதி. அதன் பிறகு இந்த வாரம் முழுவதும் விடைகள்தான். யார் யார் எப்போது போனார்கள் என்று இப்போதுதான் ஊருக்குத் தெரிகிறது. சிலருக்குத் தட்டும்போது எனக்கு அழுகை வந்தது. தட்டினேன். கிண்ணம் நிற்காமல் ஓடுகிறது. முகாமில் கேட்ட ஒரு செய்திக்கு நேற்று அன்றைக்கே பதில் வந்தது.

உங்களுடைய விடைக்கு எல்லாரும் தட்டிவிட்டார்கள், ஒரு கை தவிர.

தினம் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் அது கேட்கிறது: வினிதா விடை கேட்கிறார், கை தட்டுகிறீர்களா? நேற்றும் கேட்டது. இன்றைக்கும் கேட்டது. நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மற்ற செய்திகளை எடுத்துக்கொண்டு, அணைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புகிறேன். வட்டத்தில் கோவிந்துக்கு அடுத்து உங்கள் பெயர், உங்களுக்கு அடுத்து என் பெயர். கிண்ணம் உங்களைத் தாண்டி என்னிடம் வந்துவிடுகிறது. பெயர் மட்டும் அங்கேயே இருக்கிறது.

இதை ஒரு குறை என்று எழுதியிருந்தாய். அடுத்த டிஸ்கில் சரிசெய்கிறேன் என்றாய். சரிசெய்யாதே, வினிதா.

ரஞ்சு